பிரேக் லைனிங் வாடை வந்தாலே கை நடுங்குகிறது

கேள்வி: பல வருடமாக லாரி ஓட்டுகிறேன். போன வருடம் தொப்பூர் இறக்கத்தில் எனக்கு முன்னால் போன வண்டி பிரேக் பிடிக்காமல் கார்கள் மேல் ஏறிவிட்டது. ஓடிப்போய் ஒரு காரில் இருந்தவர்களை வெளியே இழுத்தேன். அதில் ஒரு அம்மா என் கையிலேயே உயிரை விட்டார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இறக்கத்தில் லைனிங் தீயும் வாடை வந்தால் அந்த இடத்திலேயே நிற்பது போல் இருக்கிறது, கை நடுங்குகிறது. அந்த வழியாகப் போகும் பெங்களூரு லோடு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு கொச்சி, தூத்துக்குடி மட்டும் போகிறேன். தூங்குவதற்காகக் குடிக்கிறேன். வீட்டில் பயந்துவிட்டதாகச் சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மனநல டாக்டரிடம் போனால் லைசென்ஸ் போய்விடுமா? ஓனருக்குத் தெரிந்தால் வண்டி தருவாரா?
– பெயர் வேண்டாம், சங்ககிரி

பதில்: உங்களுக்கு அடிபடவில்லை என்பதால் இது வரக்கூடாது என்று நினைக்கிறீர்கள். அடிபட்டவர்களுக்கு மட்டுமல்ல, கண்ணெதிரே சாவைப் பார்த்தவர்களுக்கும், காப்பாற்ற ஓடியவர்களுக்கும் இது வரும். பி.டி.எஸ்.டி., அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், என்று 1980-இல் மருத்துவ நூலில் பெயர் ஏறியபோது வியட்நாம் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்களை வைத்துத்தான் அதிகம் பேசினார்கள், ஆனால் சாலை விபத்துக்குப் பின்னாலும் இதேதான் நடக்கிறது: பார்த்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அந்த இடத்தையே தவிர்ப்பது, தூக்கம் கெடுவது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப்போடுவது, எதிலும் மனசு ஒட்டாமல் போவது. ஒரு மாதத்தைத் தாண்டியும் இவை விடாமல் இருந்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு வருடமே ஆகப் போகிறது. கயிறு கையில் இருக்கட்டும், அதை அவிழ்க்கச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போங்கள்.

லைசென்ஸ் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு பயத்தால்தான் பாதி டிரைவர்கள் வாயே திறப்பதில்லை. மனநல டாக்டரைப் பார்த்தீர்கள் என்பதற்காக மட்டும் யாரும் லைசென்ஸை ரத்து செய்ய மாட்டார்கள். 2017 மனநலச் சட்டப்படி டாக்டர் உங்கள் விஷயத்தை ஓனரிடம் போய்ச் சொல்லக்கூடாது. உங்களாலோ உங்களுக்கோ உயிராபத்து வரும் நிலை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. லைசென்ஸுக்கு நிஜமான ஆபத்து அந்தக் குடியில்தான் இருக்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் வழக்கு, ராத்திரி குடித்தது விடிகாலை வண்டி எடுக்கும்போதும் உடம்பில் இருக்கலாம், அப்புறம் குடித்துவிட்டுத் தூங்கும் தூக்கம் நடுராத்திரியிலேயே கலைந்து கெட்ட கனவை இன்னும் கூட்டும். அதே மாதிரி மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அல்பிரசோலம் வகை மாத்திரைகள் இந்த நோய்க்குச் சரியான வைத்தியம் இல்லை, பழக்கமாகிவிடும், மறுநாள் ஸ்டீரிங்கில் கண்ணையும் செருக வைக்கும்.

வைத்தியம் இருக்கிறது, பெரும்பாலும் நல்ல பலனும் தருகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் உங்களை உட்கார வைத்து, நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வைத்து, நீங்கள் தவிர்க்கும் இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்ப வைப்பார். பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள் ஆகும். தேவைப்பட்டால் செர்ட்ரலின் மாதிரி மாத்திரையும் தருவார்கள், அது வேலை செய்யச் சில வாரம் ஆகும். முதல் நாளே "நான் கனரக வண்டி ஓட்டுகிறேன், ராத்திரி ஓட்டமும் உண்டு" என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், எந்த மாத்திரையையும் வீட்டில் இருக்கும் நாளில் ஆரம்பித்து உடம்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. லைன் வண்டிக்காரருக்கு வாராவாரம் வருவது கஷ்டம் என்று தெரியும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், வண்டியை நிறுத்திய இடத்தில் இருந்தே கூப்பிடுங்கள்.

தொப்பூரைத் தவிர்ப்பது இப்போதைக்கு நிம்மதி தருகிறது, ஆனால் ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் பயம் இன்னும் பலப்படுகிறது, நாளைக்கு வேறு இறக்கங்களும் அந்தப் பட்டியலில் சேரும். அதற்காக நாளைக்கே பாரம் ஏற்றிக்கொண்டு தனியாக இறங்கிப் பார்க்கவும் வேண்டாம். வைத்தியம் தொடங்கிய பிறகு, டாக்டர் சொல்லும் வேகத்தில், முதலில் பகலில் பஸ்ஸில் பயணியாகப் போங்கள், அடுத்து இன்னொரு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்கப்புறம் காலி வண்டியில்.

ஓட்டும்போதே அந்தக் காட்சி வந்தால் இண்டிகேட்டர் போட்டு, பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, பார்க்கிங் பிரேக் போடுங்கள். ஜன்னலைத் திறந்து, ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்து, இன்றைய தேதியையும் நிற்கும் ஊரையும் கண்ணில் படும் போர்டுகளையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், தண்ணீர் குடியுங்கள். நடுக்கம் நின்ற பிறகு எடுங்கள். ஆனால் கடந்து வந்த ரோடே நினைவில் இல்லாமல் போகிறது, எதிரில் வருவது தெரியாமல் அந்த விபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற அளவுக்கு ஒரு தடவை நடந்திருந்தாலும், டாக்டர் சொல்லும்வரை வண்டி எடுக்காதீர்கள். வருமானம் போகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

ஓனரிடம் நோய்ப் பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. "தூக்கம் சரியில்லை, வைத்தியம் பார்க்கிறேன், சில மாதம் பகல் ஓட்டம் கொடுங்கள்" என்று கேளுங்கள். மோட்டார் நிறுவனங்களில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. லைன் வண்டியில் அதை யார் பார்க்கிறார்கள்? தூக்கமில்லாத மனிதனிடம் 30 டன் வண்டியைக் கொடுத்துவிட்டு, நேரத்துக்கு வரவில்லை என்று பேட்டாவில் பிடிப்பது அநியாயம், இதைப் படிக்கும் ஓனர்கள் யோசிக்க வேண்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரரும் டிரைவர். விபத்துக்குப் பிறகு தூக்கத்தில் அலறுகிறார், எழுப்பினால் கையை ஓங்குகிறார். பேச்சுக் கொடுத்தாலும் பதில் இல்லை. நான் என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்செங்கோடு

பதில்: தொட்டு எழுப்பாதீர்கள், உலுக்கவே கூடாது. கொஞ்சம் தள்ளி நின்று, லைட்டைப் போட்டு, பெயரோ நீங்கள் வழக்கமாகக் கூப்பிடும் முறையோ சொல்லி, "வீட்டில்தான் இருக்கீங்க" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அவர் ஓங்குவது உங்கள் மேல் இல்லை, ஆனாலும் அடி விழும் அளவுக்குப் போனால் தனியாகப் படுங்கள், அதில் தப்பே இல்லை. "அதையே நினைக்காதே" என்று சொல்வதை எல்லாரும் நிறுத்த வேண்டும், அவர் விரும்பி நினைக்கவில்லை. என்ன நடந்தது என்று தோண்டவும் வேண்டாம், டாக்டரிடம் நானும் கூட வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு விடுங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி சொல்லுங்கள். அவர் வராவிட்டாலும் 14416-க்கு நீங்களே கூப்பிட்டு ஆலோசனை கேட்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில் வந்தால் அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், லோடு ஏற்றி நின்றாலும் சரி.