குழிக்கு வெகு தொலைவிலேயே

கேள்வி: பொழுதுபோக்காகக் கோல்ஃப் ஆடுவோரில் தேர்ந்தவரையும் தேராதவரையும் பிரிப்பது, குழிக்கருகே பந்தை உருட்டும் ‘பட்டிங்’ திறன்தானே?

பதில்: பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஏராளமான அடிகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, இரு தரப்பாருக்கும் இடையிலான வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளிலேயே பிறக்கிறது என்று கண்டார். புல்தரையைக் குனிந்து பார்த்தாலே இது விளங்கும்: தேர்ந்தவரின் இரும்பு மட்டை முதலில் பந்தைத் தொட்டு, அதற்கு அப்பால்தான் புல்லைப் பெயர்க்கும், மற்றவரின் மட்டையோ பந்துக்குப் பின்னாலேயே மண்ணைக் கொத்திவிடுவதால், 150 கஜம் போக வேண்டிய பந்து பாதி வழியில் நின்றுவிடுகிறது. எட்டடித் தொலைவிலிருந்து தொழில்முறை வீரர்களே ஏறக்குறையப் பாதி முறைதான் பந்தைக் குழியில் இடுகிறார்கள் என்பதால், பட்டிங்கை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. தங்கள் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதியை இரும்பு மட்டைக்கே ஒதுக்குங்கள்.