அரச நிலம் கைமாறுவதால் நுனாவுட் மக்களுக்கு உண்மையில் என்ன மாறும்?

கனடாவின் வடக்கில் உள்ள, மாகாணத் தகுதி இல்லாத நிர்வாகப் பகுதியான நுனாவுட் ஆட்புலத்துக்கு அரச நிலங்களையும் கனிம வளங்களையும் கையளிக்க மத்திய அரசு ஒப்பந்தம் செய்திருக்கிறதே, இதனால் நுனாவுட் ஒரு மாகாணத்துக்கு நிகராகிவிடுமா, அங்கு வாழ்பவர்களுக்கு இதனால் பயன் உண்டா என்பது கேள்வி. மாகாணத்துக்கு நிகராகிவிடாது. பயன் உண்டு, ஆனால் அது நிலத்தோடு சேர்ந்து கைமாறும் நிபந்தனைகளைப் பொறுத்தது என்பதே, கனடாவில் இதற்கு முன் நடந்த கையளிப்புகளைப் படித்ததில் நான் வந்தடைந்த முடிவு.

2024 ஜனவரி 18 அன்று நுனாவுட்டின் தலைநகரான இக்காலுயிட்டில் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவும், நுனாவுட் முதல்வர் பி. ஜே. அக்கியாகொக்கும், அங்குள்ள பழங்குடியினரான இனுவிட் மக்களின் நில உரிமைகளைப் பாதுகாக்கும் நுனாவுட் டுங்காவிக் அமைப்பின் தலைவர் அலூக்கி கொட்டியர்க்கும் இந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார்கள். இதன்படி, சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நுனாவுட்டில் உள்ள அரச நிலம், நன்னீர், கனிமம் ஆகியவற்றின் நிர்வாகமும் கட்டுப்பாடும் 2027 ஏப்ரல் 1 அன்று ஆட்புல அரசிடம் செல்லவிருக்கின்றன. ஏறத்தாழ 40,000 மக்கள், ஒன்றுக்கொன்று சாலைத் தொடர்பே இல்லாத 25 ஊர்களில் வாழும் பகுதி அது. அந்த நிலத்தில் யார் கனிமம் தேடலாம், எந்த ஆற்று நீரை எவ்வளவு எடுக்கலாம் என்பதையெல்லாம் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் ஓர் அமைச்சகம் தீர்மானித்து வந்தது என்பதே போதிய அநீதி என்று நினைக்கிறேன்.

கைமாறுபவை நிர்வாகமும் கட்டுப்பாடும்தான், உடைமை அல்ல. மாகாணங்களுக்கு 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டத்திலேயே நிலவுடைமை உறுதி செய்யப்பட்டிருக்கிறது. ஆட்புலங்களின் அதிகாரங்களோ நாடாளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டங்களிலிருந்து வருபவை. நாடாளுமன்றம் அவற்றைத் திருத்தலாம்.

பழைய வரலாற்றில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. 1870இல் மானிடோபாவும் 1905இல் ஆல்பர்ட்டாவும் சஸ்காட்சுவனும் மாகாணங்களாக உருவாக்கப்பட்டபோது, குடியேற்றத்துக்கும் ரயில்பாதைக்கும் நிலம் வேண்டும் என்று சொல்லி, அவற்றின் அரச நிலங்களை ஒட்டாவா தன்னிடமே வைத்துக்கொண்டது. 1930இல்தான் அவை திருப்பித் தரப்பட்டன. 1947இல் ஆல்பர்ட்டாவின் லெடுக்கில் பெரிய எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டபோது அதன் பலன் அந்த மாகாணத்தின் கருவூலத்துக்குப் போனதற்கு அந்தக் கையளிப்பே காரணம். ஆனால், அந்த நிலங்களில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உடன்படிக்கைகளின் மூலம் உரிமை பெற்றிருந்த முதற்குடி மக்களை 1930இல் யாரும் கலந்தாலோசிக்கவில்லை. அவர்களுடைய வேட்டை உரிமை உணவுக்கான வேட்டை என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டது. உடன்படிக்கைகளின்படி அவர்களுக்கு வரவேண்டிய நிலத்தின் நிலுவையைத் தீர்க்க சஸ்காட்சுவனில் 1992 வரை ஒரு பொது ஒப்பந்தம் ஏற்படவில்லை. மத்திய அரசும் மாகாண அரசும் மட்டும் மேசையில் அமர்ந்து நிலத்தைக் கைமாற்றினால், அந்த நிலத்தில் முதலில் இருந்தவர்கள் அதற்கான விலையை இரண்டு மூன்று தலைமுறைகளுக்குக் கொடுக்க நேர்கிறது.

நுனாவுட் ஒப்பந்தத்தில் இனுவிட் அமைப்பின் மூன்றாவது கையொப்பம் இருப்பதை நான் முக்கியமாகக் கருதுவது அதனால்தான். 1993ஆம் ஆண்டின் நுனாவுட் உடன்படிக்கையின் மூலம் இனுவிட் மக்களுக்குக் கிடைத்த சுமார் 3,56,000 சதுர கிலோமீட்டர் நிலத்தை இந்தக் கையளிப்பு தொடுவதில்லை. அந்த உடன்படிக்கை அமைத்த நீர் வாரியமும் திட்டங்களின் தாக்கத்தை மதிப்பிடும் வாரியமும் தொடரும். ஆயினும், உள்ளூர் அரசாகிவிட்டாலே அது மக்களின் சொல்லைக் கேட்டுவிடும் என்று நம்பிவிட முடியாது. 2003 ஏப்ரலில் நிலத்தின் கட்டுப்பாட்டைப் பெற்ற மற்றோர் ஆட்புலமான யூக்கானின் அரசு, பீல் ஆற்றுப் படுகைக்காகப் பல ஆண்டுகள் கூட்டாகத் தயாரிக்கப்பட்ட, ஐந்தில் நான்கு பங்கு நிலத்தைப் பாதுகாக்கச் சொன்ன திட்டத்தை, கடைசிக் கட்டத்தில் தானாகவே மாற்றி, பெரும்பகுதியைக் கனிமத் தேடலுக்குத் திறந்துவிட முயன்றது. நாச்சோ நியாக் டன் உள்ளிட்ட முதற்குடியினர் வழக்குத் தொடுத்தார்கள். 2017 டிசம்பரில் கனடாவின் உச்ச நீதிமன்றம் அரசின் திட்டத்தை ரத்து செய்தது. அவர்களைக் காத்தது ஏற்கெனவே கையொப்பமாகியிருந்த உடன்படிக்கையின் வாசகம்.

வருமானத்தைப் பற்றிப் பலர் மிகையான எதிர்பார்ப்பு வைத்திருக்கிறார்கள். ஆட்புலங்களின் செலவில் பெரும்பகுதி ஒட்டாவா ஆண்டுதோறும் தரும் மானியத்தால் நடப்பதால், கனிம வருமானம் முழுவதையும் ஆட்புலம் வைத்துக்கொள்ள முடியாது. 2014இல் கையளிப்பு நடந்த வடமேற்கு நிலப்பகுதிகள் என்ற ஆட்புலத்தில், அரச நிலத்திலிருந்து வரும் வருமானத்தில் பாதியை, அதுவும் ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஆட்புல அரசு வைத்துக்கொள்கிறது. அந்தப் பங்கில் 25 விழுக்காடு வரை, ஒப்பந்தத்தில் சேர்ந்த பழங்குடி அரசுகளுடன் பகிரப்படுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த ஏற்பாடு இந்தப் பகிர்வுதான்.

பணத்தைவிடப் பெரிய கேள்வி, சுரங்கம் விட்டுச்செல்லும் நஞ்சுக்கு யார் பொறுப்பு என்பது. வடமேற்கு நிலப்பகுதிகளின் தலைநகரான யெல்லோநைஃப் நகரின் ஓரத்தில் மூடிக் கிடக்கும் ஜயண்ட் தங்கச் சுரங்கத்தின் அடியில் 2,37,000 டன் ஆர்சனிக் டிரையாக்சைடு என்ற நச்சுத் தூள் இருக்கிறது. அதை நடத்திய நிறுவனம் 1999இல் திவாலானது. சீரமைப்புக்கு 400 கோடி டாலருக்கும் அதிகமாகும் என்று மத்திய அரசே மதிப்பிட்டிருக்கிறது. கையளிப்புக்கு முந்தைய இந்தச் சுமையை ஒட்டாவா தன்னிடமே வைத்துக்கொண்டது மிகச் சரியான முடிவு. ஆனால், கையளிப்புக்குப் பின் அனுமதி பெறும் சுரங்கம் ஆட்புலத்தின் பொறுப்பு. 2024 ஜூனில் யூக்கானின் ஈகிள் தங்கச் சுரங்கத்தில் தாதுக் குவியல் சரிந்து சயனைடு கலந்த கரைசல் வெளியேறியபோது, நீரைச் சுத்திகரிக்கும் வேலையும் நீதிமன்றத்தின் மூலம் நிர்வாகியை அமர்த்தும் வேலையும் யூக்கான் அரசின் தலையில் விழுந்தன. பாதிக்கப்பட்டது அதே நாச்சோ நியாக் டன் மக்களின் நிலம். அத்தகைய ஒரு விபத்தை, நுனாவுட் போன்ற சிறிய வரவு செலவுத் திட்டம் கொண்ட ஓர் அரசு எப்படித் தாங்கும் என்ற கவலை எனக்கு உண்டு.

இதோடு ஆட்கள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. நுனாவுட் மக்களில் சுமார் 85 விழுக்காட்டினர் இனுவிட். ஆட்புல அரசின் ஊழியர்களிலோ அவர்கள் ஏறத்தாழ பாதிப் பேரே. நிலவியலாளர்களும் நீர்த்தர ஆய்வாளர்களும் சுரங்கக் கண்காணிப்பாளர்களும் தெற்கிலிருந்து ஓரிரு ஆண்டுகளுக்கு வந்துபோகிறவர்களாகவே இருந்துவிட்டால், அலுவலகம் மட்டும்தான் ஒட்டாவாவிலிருந்து இக்காலுயிட்டுக்கு மாறியிருக்கும்.

ஆகவே, இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்புபவர்கள், கனிம வருமானத்தின் கணக்கை விட்டுவிட்டு, 2027க்குள் எத்தனை இனுவிட் இளைஞர்கள் இந்த வேலைகளுக்குப் பயிற்சி பெறுகிறார்கள் என்பதையும், புதிய சுரங்கம் ஒவ்வொன்றும் மூடலுக்கும் சீரமைப்புக்குமான முழுத் தொகையையும் தோண்டத் தொடங்கும் முன்பே பிணையாகக் கட்ட வேண்டும் என்று ஆட்புல அரசு வலியுறுத்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.