தடித்த கயிறு என்றால் பாதுகாப்பா?

கேள்வி: பயிற்சிச் சுவரில் ஏறிப் பழகிவிட்டு இப்போதுதான் பாறை ஏறப் போகத் தொடங்கியிருக்கிறேன். புதிதாக 9.2 மி.மீ. கயிறு வாங்கினேன். நண்பர் தன் பழைய கிரிகிரியை (ஏறுபவர் விழுந்தால் கீழிருந்து கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கருவி) கொடுத்தார். அவரிடம் ரொம்ப நாள் உழைத்த 10.5 கயிறு ஒன்றும் இருக்கிறது. "தடித்த கயிறுதான் பாதுகாப்பு, அதையே போடு" என்கிறார். எதை எதோடு சேர்ப்பது?

பதில்: முதலில் அந்தக் கிரிகிரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எந்தத் தடிமன் கயிற்றுக்கானது என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். பெட்ஸல் நிறுவனம் ஒரே பெயரில் பல தலைமுறைகளை வெளியிட்டிருக்கிறது. 1991-இல் வந்த முதல் கிரிகிரி 10 முதல் 11 மி.மீ. கயிற்றுக்கானது, 9.7 வரை இறங்கலாம், அதற்குக் கீழே கூடாது. 2011-இல் வந்த கிரிகிரி 2, 8.9 வரை ஏற்கும். 2019-இல் வந்தது 8.5 வரை. நண்பர் கொடுத்தது முதல் தலைமுறை என்றால் உங்கள் 9.2 அதில் போகவே கூடாது.

ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. உள்ளே கேம் என்ற சுழலும் பாகம் ஒன்று இருக்கிறது. கயிறு வெடுக்கென்று இழுபடும்போது அது சுழன்று கயிற்றை நசுக்கிப் பிடிக்கும். அப்படிச் சுழல வேண்டுமென்றால் கயிறு அதன்மேல் உரச வேண்டும். மெல்லிய கயிறு, அதுவும் வழவழப்புப் போகாத புதுக்கயிறு, உரசாமல் நழுவப் பார்க்கும். அப்போது கேமைச் சுழல வைப்பது, கருவியிலிருந்து வெளிவரும் கயிற்றைப் பிடித்திருக்கும் உங்கள் பிரேக் கையின் பிடிதான். எந்தத் தலைமுறைக் கருவியானாலும் அந்தக் கை கயிற்றை விட்டு வரக்கூடாது.

கயிற்றில் அச்சிட்ட எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 892-இன்படி, ஒற்றைக் கயிற்றில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டு, அது நீண்ட நிலையில்தான் விட்டம் அளக்கிறார்கள். விற்பனைக்கு வரும் கயிற்றில் 0.2 மி.மீ. வரை கூடக்குறைய இருக்கலாம். அதனால் கருவியின் எல்லை எண்ணை ஒட்டியே கயிறு வாங்காதீர்கள்.

சரி, தடித்த கயிறு? உங்கள் நண்பரோடு நான் இங்கேதான் முரண்படுகிறேன். பழைய கயிற்றின் உறை பஞ்சுபோல் கிளம்பி, உப்பி, விறைத்துப்போகும். லீட் ஏறுபவர், அதாவது கயிற்றைத் தன்னோடு கொண்டு முதலில் ஏறுபவர், வழியில் உள்ள கொக்கிகளில் மாட்ட (கிளிப் செய்ய) அதை இழுப்பார். நீங்கள் கொடுக்கும் கயிறு கருவியில் சிக்கும், கேம் பூட்டிக்கொள்ளும். மேலே இருப்பவர் "கயிறு, கயிறு" என்று கத்துவார். கீழே இருப்பவர் அவசரத்தில் கட்டைவிரலால் கேமை அமுக்கிப் பிடித்துக்கொண்டே கயிறு விடுவார். சரியாக அந்த நொடியில் ஏறுபவர் விழுந்தால் கேம் சுழலாது. பிலே, அதாவது கீழிருந்து கயிறு பிடிப்பதை, சொல்லிக்கொடுக்கும்போது நான் கயிற்றைவிட அதிகமாகக் கவனிப்பது கட்டைவிரலைத்தான். அது நொடிக்கொரு தரம் கேமின்மேல் போனால், அந்தக் கயிறும் கருவியும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

அந்த 10.5-ஐ முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். எங்காவது தட்டையாகவோ கொழகொழவென்றோ இருந்தால், மடக்கும்போது ஒரே இடத்தில் ஒடிவதுபோல் மடங்கினால், உறைக்குள்ளிருந்து வெள்ளை இழை தெரிந்தால், ஏறுவதற்கு அது இனி வேண்டாம். நன்றாக இருந்தால் டாப் ரோப்புக்கு, அதாவது கயிறு முன்பே மேலே மாட்டியிருக்கும் ஏற்றத்துக்கு, வைத்துக்கொள்ளலாம். அங்கே கயிற்றைப் பெரும்பாலும் உள்ளே இழுப்பதுதான் வேலை. லீடுக்கு உங்கள் 9.2-உம், அதை ஏற்கும் புதிய கருவியும்.

கேள்வி: என் எடை 55 கிலோ, கூட ஏறுபவர் 80 கிலோ. டியூப் கருவியில் 7.7 முதல் 11 மி.மீ. வரை என்று போட்டிருக்கிறது. 9.2-க்கு அது போதும்தானே?

பதில்: கயிறு பொருந்தும். கை தாங்குமா என்பது தனிக் கேள்வி, அதற்கு அந்த எண்ணில் பதில் இல்லை. டியூபில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. கயிறு காராபைனர் என்ற கொக்கி வளையத்தைச் சுற்றி மடங்குவதால் வரும் உராய்வும் உங்கள் பிடியும்தான் எல்லாம். கயிறு மெலிய மெலிய உராய்வு குறையும், கை அதிகம் பிடிக்க வேண்டிவரும். கருவியில் பல் வெட்டிய பக்கம் இருந்தால் பிரேக் கயிறு அந்தப் பக்கம் வரும்படி மாட்டுங்கள். ஏறும் முன் தரைக்கு அருகிலேயே, பிரேக் பக்கக் கயிற்றில் முடிச்சுப் போட்டுவிட்டு, அவரை டாப் ரோப்பில் தொங்கச் சொல்லி மெல்ல இறக்கிப் பாருங்கள். கயிறு உங்கள் கையில் நழுவினால் அந்தக் கருவியோடு அவரை லீடுக்கு அனுப்பாதீர்கள். கேம் உள்ள கருவிக்கு மாறுங்கள்.

அப்புறம், கேம் பூட்டினாலும் 25 கிலோ வித்தியாசம் உங்களைத் தூக்கிச் சுவரில் மோதவைக்கும். பாறையில் அடித்த முதல் போல்ட்டில் மாட்டும் எடல்ரிட் ஓம் போன்ற உராய்வுக் கருவி இதற்காகவே செய்யப்பட்டது. உங்கள் ஜோடிக்கு அது அவசியம் என்றே சொல்வேன்.

கேள்வி: வட்டத்துக்குள் ½ என்று குறியிட்ட கயிறு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. 8.6 மி.மீ. புதிய கிரிகிரிக்குள் நுழைகிறது. போடலாமா?

பதில்: கூடாது. அது ஜோடியாகப் பயன்படுத்தும் அரைக் கயிறு. இரண்டு துளை உள்ள டியூபுக்கானது. அரைக் கயிற்றை 55 கிலோ எடையை விழவைத்துச் சோதிக்கிறார்கள், ஒற்றைக் கயிற்றை 80 கிலோவால். கிரிகிரிக்கு ஒற்றைக் கயிறு, அதாவது வட்டத்துக்குள் 1 என்ற குறி, வேண்டும். சில மெல்லிய கயிறுகளில் 1, ½, பின்னிய இரு வட்டம் (இரட்டைக் கயிற்றின் குறி) என மூன்று குறியும் இருக்கும். அவற்றை, தடிமன் பொருந்தினால், தாராளமாகப் போடலாம்.