91 முதன்மை எண்ணா? ரியூட்டை நம்பிப் போன புள்ளி

கேள்வி: மகள் தரம் 8. தவணைப் பரீட்சையில் 91 முதன்மை எண் என்று எழுதினாள், புள்ளியை வெட்டிவிட்டார்கள். "6 ஆல் வகுத்து மீதி 1 அல்லது 5 வந்தால் முதன்மை எண்" என்று ரியூசன் சேர் விற்ற ரியூட்டில் இருக்கிறது. யார் பிழை? விடைத்தாளைத் திரும்பத் திருத்துவிப்பதாக ஒருவர் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு தாய், சாம்பல்தீவு

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தவணைப் பரீட்சைத் தாளில் சந்தேகம் என்றால் கணித ரீச்சரிடம் நேரே போய்க் கேட்கலாம். நடுவில் ஓர் ஆள் எதற்கு? இந்த முறை திருத்தியவர் பக்கம்தான் நியாயமும் இருக்கிறது. 70-உம் 21-உம் சேர்ந்தது 91. இரண்டுமே ஏழின் மடங்கு. ஆக 7 × 13. ஒன்றாலும் தன்னாலும் மட்டும் மீதியின்றி வகுபடுகிற, 1-ஐவிடப் பெரிய எண்தானே முதன்மை எண்.

மகள் ஏமாந்ததில் வியப்பில்லை. 91 இரட்டை எண் இல்லை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 10, எனவே 3 ஆலும் போகாது. 100-க்குள் இப்படி 2, 3, 5 மூன்றுக்கும் தப்பிய சேர்த்தி எண்கள் (வேறு காரணிகளும் உள்ளவை) 49, 77, 91 மட்டுமே. முதல் இரண்டும் வாய்பாட்டில் வந்துவிடும். நம் பிள்ளைகளோ பன்னிரண்டோடு வாய்பாட்டை மூடிவிடுகிறார்கள், 7 × 13 அதற்கு அடுத்த படியில் நிற்கிறது.

ரியூட்டில் இருப்பது பாதி உண்மை. 3-ஐவிடப் பெரிய முதன்மை எண்ணை 6 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 5 தான். அதைத் திருப்பிப் போட்டதுதான் பிழை. கோணேசர் கோயிலுக்கு வண்டியில் போகிற எல்லோரும் பிரட்ரிக் கோட்டை வாசலால்தான் போக வேண்டும்; அதற்காக அந்த வாசலால் போகிறவர் எல்லோரும் கோயிலுக்கா போகிறார்கள்? 25, 35, 49, 55, 65, 77, 85, 91, 95 என்று 100-க்குள்ளேயே ஒன்பது எண்கள் இந்த விதி பொய் என்று சாட்சி சொல்கின்றன. 25-ஐப் போட்டுப் பார்த்திருந்தாலே ரியூட் அச்சுக்குப் போயிருக்காது. போட்டோக்கொப்பி அடித்து விற்கிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? பரீட்சைத் தாளும் "ஆம், இல்லை" என்ற விடையோடு திருப்திப்படுகிறது. "எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் இந்தக் குறுக்கு வழி வியாபாரமே படுத்துவிடும்.

வீட்டில் புளியங்கொட்டை இருந்தால் முதல் வரிசையில் 1, அடுத்ததில் 2 என்று 13 வரிசை அடுக்கச் சொல்லுங்கள். மொத்தம் 91, முக்கோணி எண். இனி 13 உள்ள வரிசையிலிருந்து ஆறை எடுத்து 1 உள்ள வரிசையில் வைத்தால் இரண்டும் ஏழாகும். 12-இலிருந்து ஐந்து 2-க்கு. இப்படியே போனால் 13 வரிசையிலும் ஏழேழு. காரணி கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

பரீட்சைக்கு, 100-க்குட்பட்ட எண் என்றால் 2, 3, 5, 7 நான்காலும் வகுத்துப் பார்த்தால் போதும். பெரிய எண்ணுக்கு வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்கள். "வரை" என்றால் அந்த வர்க்கமூலமும் சேர்த்துத்தான். 121-க்கு வர்க்கமூலம் 11. பிள்ளைகள் 7-ஓடு நிறுத்திவிட்டு முதன்மை எண் என்று எழுதுவார்கள். 11 × 11 தவறிப்போகும். 169-இலும் இதே கதை, 13-ஐயும் போட்டுப் பார்க்க வேண்டும். 289-இல் 17-ஐ. இதை மகளுக்கு இரண்டு தரம் சொல்லுங்கள், அடுத்த தவணையில் 91-க்குப் பதிலாக இதில் ஒன்றுதான் வரும்.