இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு ஆன்லைன் போக்கர் தொடங்கலாமா?

கேள்வி: வயது 31, மாதச் சம்பளக்காரன். மனைவியும் வேலைக்குப் போகிறார், கைக்குழந்தை இருக்கிறது. மூன்று மாதமாக மொபைலில் இலவச சிப்ஸ் வைத்து போக்கர் ஆடுகிறேன், பெரும்பாலும் ஜெயிக்கிறேன். நிஜப் பணம் வைத்து ஆடினால் பக்க வருமானம் வரும் என்று தோன்றுகிறது. போனஸாக வந்த இரண்டு மாதச் சம்பளம் கையில் இருக்கிறது. தனிநபர் கடன் அடைய இன்னும் ஒன்றரை வருடம். எவ்வளவு போட்டு ஆரம்பிக்கலாம்?

பதில்: அந்த போனஸைத் தொடாதீர்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று வங்கியில் கேட்டுவிட்டு, அதில் ஒரு பகுதியைக் கடனில் கட்டுங்கள். மீதியை அவசரத் தேவைக்கு ஒதுக்கிவிடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் எப்போது பணம் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. கடனைக் குறைத்தால் மிச்சமாகும் வட்டி நிச்சயமான லாபம். போக்கர் மேசையில் அப்படி நிச்சயம் எதுவும் கிடையாது.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். பணம் வைத்து ஆன்லைனில் ஆடுவது சில நாடுகளில் முழுக்கத் தடை, சில இடங்களில் உரிமம் பெற்ற தளங்களில் மட்டும் அனுமதி. நீங்கள் இருக்கும் இடத்தில் தடை என்றால் பேச்சே இல்லை, இலவச சிப்ஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அனுமதி உண்டு என்றால் ஜெயித்த பணத்துக்கு வரி எப்படி என்பதையும் கேட்டுவையுங்கள்.

சரி, இலவச சிப்ஸில் ஜெயிக்கிறீர்களே, அது கணக்கில் வராதா? வராது. போனால் போகட்டும் என்று எதையும் வைத்து ஆடுகிறவர்களோடு நீங்கள் ஆடியிருக்கிறீர்கள். பணம் வந்ததும் எதிரே இருப்பவர்களும் மாறிவிடுவார்கள், உங்கள் கையும் மாறிவிடும். அதைவிட முக்கியமாக, இலவச மேசையில் கண்ணில் படாத ஒரு செலவு அங்கே இருக்கிறது. அதன் பெயர் ரேக். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் குவியும் தொகையிலிருந்து தளம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 5 சதவீதம், அதற்கு ஓர் உச்சவரம்பு என்பதுதான் பரவலான வழக்கம்.

5 சதவீதம்தானே என்று நினைப்பீர்கள். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பேர் ஆளுக்கு 1,000 வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் நடுவில் 200 சேருகிறது, ஒரு தடவை இவர் ஜெயிக்கிறார், அடுத்த தடவை அவர். தளம் ஒவ்வொரு முறையும் 10 எடுக்கிறது. 100 ஆட்டம் முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் இருவரிடமும் 500தான் இருக்கும். யாரும் யாரிடமும் தோற்கவில்லை, ஆனால் பாதிப் பணம் போய்விட்டது. புதியவர்கள் உட்காரும் சிறிய மேசைகளில் தொகை அந்த உச்சவரம்பை எட்டுவதே அபூர்வம் என்பதால் அடி அங்கேதான் பலமாக விழும். ஆகவே எதிராளியைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது. அவரையும் ரேக்கையும் சேர்த்து ஜெயிக்கும் அளவுக்கு ஆட வேண்டும்.

அடுத்தது அதிர்ஷ்டம். போக்கரில் திறமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது தெரியவர ரொம்ப நாளாகும். ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒரு கை என்பார்கள்; சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் கட்டாயமாக வைக்கும் தொகைக்குப் பெயர் பிக் பிளைண்ட். 100 கைக்குச் சராசரியாக 5 பிக் பிளைண்ட் லாபம் பார்க்கிறவர் நல்ல ஆட்டக்காரர். அப்படிப்பட்டவரே 10,000 கை ஆடிய பிறகும் நஷ்டத்தில் நிற்க நான்கில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. ஒரு மேசையில் மணிக்கு 70, 80 கைதான் ஓடும். அப்படியென்றால் 120 மணி நேரத்துக்கு மேல் ஆடியும் நாம் நல்ல ஆட்டக்காரரா, மோசமா என்று அவருக்கே தெரியாது. இதைத் திருப்பிப் பாருங்கள், ஆபத்து அங்கேதான். மோசமாக ஆடுகிறவரும் இரண்டு மாதம் லாபத்தில் இருக்க முடியும். அந்த லாபத்தை நம்பித்தான் பலர் பெரிய மேசைக்குப் போகிறார்கள்.

2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், ஆன்லைனில் 100 டாலருக்கும் குறைவான ஒரு தகுதிப் போட்டி வழியாக உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். உண்மைதான். அந்தப் போட்டியில் அவரோடு சேர்த்து 839 பேர் ஆடினார்கள். அவர் பெயர்தான் உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆட ஆசை இருந்தால், அதில் தப்பில்லை. பொழுதுபோக்குக்கு மாதாமாதம் வீட்டில் ஒரு தொகை ஒதுக்குவீர்கள் அல்லவா, அதிலிருந்து எடுங்கள். முழுசாகப் போனாலும் அடுத்த மாத பட்ஜெட்டில் எதுவும் இடிக்காத தொகையாக இருக்கட்டும். அதை மனைவியிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் தொகை அதிகம் என்று அர்த்தம். அந்தத் தொகையை 30ஆல் வகுங்கள். ஒரு மேசையில் உட்கார அவ்வளவுதான். தளத்திலேயே மிகச் சின்ன மேசைக்கும் அது போதவில்லை என்றால் சில மாதம் சேர்த்துவிட்டு வாருங்கள்.

உட்கார்ந்த பிறகு ஒரே மேசை, பெரும்பாலான சீட்டுகளைப் போட்டுவிட்டு விலகும் பொறுமை, இந்த இரண்டும் போதும். கூடவே சின்னக் கணக்கு ஒன்று பழகுங்கள். நடுவில் 100 இருக்கிறது, எதிராளி 50 போடுகிறார். நீங்கள் 50 போட்டு 150ஐ எடுக்கப் பார்க்கிறீர்கள், நாலு தடவையில் ஒரு தடவையாவது ஜெயித்தால்தான் கட்டுபடியாகும். கையிலும் மேசையிலுமாகச் சேர்த்து உங்களுக்கு நாலு ஹார்ட் இருக்கிறது, ஐந்தும் ஒரே இனமாகச் சேர்ந்தால்தான் பலமான கை, அதற்கு ஐந்தாவது வர வேண்டும். பார்க்காத 47 சீட்டில் 9 ஹார்ட் பாக்கி. அடுத்த சீட்டிலேயே அது வர வாய்ப்பு 19 சதவீதம்தான். "வந்துடும்" என்று மனசு சொல்லும். புதியவர்களின் பணம் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கிரெடிட் கார்டை அந்தத் தளத்தில் இணைக்கவே கூடாது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் தன் வங்கி அறிக்கையைக் காட்டினார். ஒரே இரவில், பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில், பதினோரு தடவை பணம் போட்டிருந்தார். எல்லாம் சின்னச் சின்னத் தொகை. கூட்டிப் பார்த்தபோது அந்த மாத வாடகை போயிருந்தது. விட்டதைப் பிடிக்கத்தான் அத்தனை தடவையும் போட்டிருக்கிறார். கணக்குத் தொடங்கிய அன்றே, மனசு தெளிவாக இருக்கும்போதே, தளத்தில் டெபாசிட் வரம்பை வைத்துவிடுங்கள். அந்த வசதி இல்லாத தளமே வேண்டாம்.

தளத்தில் பணத்தைத் தேக்கி வைக்காதீர்கள். 2011ல் ஃபுல் டில்ட் என்ற பெரிய தளம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடிதான் என்று அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. பலருக்குப் பணம் திரும்பி வர வருடக்கணக்கில் ஆனது. ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு சின்னத் தொகையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். எத்தனை நாளில் வருகிறது, என்னென்ன ஆவணம் கேட்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிடும்.

அப்புறம், ஒரு நோட்டு வாங்குங்கள். தேதி, ஆடிய நேரம், போட்டது, எடுத்தது. ஜெயித்த நாளை மட்டும் எழுதக் கூடாது. ஆறு மாதம் கழித்து அந்தக் கணக்கோடு எழுதுங்கள், பக்க வருமானமா இல்லையா என்பதை அப்போது சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குள் கடன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதையும் அதே நோட்டில் குறித்துவையுங்கள்.