1897-ஆ, 1912-ஆ? இரண்டும் சரிதான்

வணக்கம். சீனாவின் முதல் ஜவுளிக் கல்விக்கூடம் என்று ஒரு நூல் 1897-ஐயும் இன்னொன்று 1912-ஐயும் சொல்வதாகக் குழம்பியிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு பள்ளிகள்.

1897-ல் ஹாங்சோவின் ஆட்சியாளர் லின் சீ நிறுவியது பட்டுப்புழுப் பள்ளி. வகுப்பு தொடங்கியது 1898-ல். நெசவை விட புழுக்களுக்கு வரும் நோய்தான் அங்கே பெரிய கவலை. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெப்ரின் என்ற பட்டுப்புழு நோயின் கிருமி தெரிந்தால் அதன் முட்டைகள் அவ்வளவும் குப்பைக்கு. பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் காட்டிய வழி இது.

1912-ல் நான்டோங்கில் தொடங்கியது பருத்தி நூற்புக்கான பள்ளி. தொடங்கியவர் தாஷெங் ஆலை முதலாளி ஜாங் ஜியான். அரசுத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவர் ஆலை நடத்தப் போனார், பாருங்கள்!

கட்டுரையில் 'பட்டு', 'பருத்தி' என்று பிரித்து எழுதிவிடுங்கள்.