மூன்று பாட்டில் நாபா ஒயினும் 2,700 டாலரும்

கேள்வி: சான் ஹோசேயில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். நாபா பள்ளத்தாக்கில் மிகக் குறைந்த அளவில் கேபர்னே சாவிஞான் என்ற சிவப்பு ஒயினைத் தயாரிக்கும் ஒரு பண்ணையின் வாடிக்கையாளர் பட்டியலில் இடம்பெற ஆறு ஆண்டுகள் காத்திருந்தேன். 100க்கு 99 மதிப்பெண் பெற்ற அதன் ஒயினில் மூன்று பாட்டில்களை, பாட்டில் 900 டாலர் வீதம் வாங்கிக்கொள்ள இப்போது அழைப்பு வந்திருக்கிறது. எட்டு ஆண்டுகள் வைத்திருந்து விற்றால் நல்ல லாபம் என்கிறார் நண்பர். அதற்குள் சென்னைக்குத் திரும்பும் எண்ணமும் உண்டு. வாங்கலாமா?

பதில்: குடிப்பதற்கு என்றால் யோசிக்கலாம், முதலீட்டுக்கு என்றால் வேண்டாம்.

உங்கள் நண்பரின் நம்பிக்கைக்கு அடிப்படை 1990களின் கதைதான். ஸ்க்ரீமிங் ஈகிள் என்ற நாபா பண்ணை தனது முதல் ஒயினான 1992ஆம் ஆண்டு அறுவடையின் கேபர்னேயைச் சில நூறு பெட்டிகள் மட்டுமே தயாரித்து, பாட்டில் ஏறத்தாழ 50 டாலருக்கு வெளியிட்டது. விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதற்கு 99 மதிப்பெண் வழங்கியதும் விலை பல மடங்கு உயர்ந்தது. 2000ஆம் ஆண்டு நாபா ஏலத்தில் அதன் 6 லிட்டர் பாட்டில் ஒன்று 5 லட்சம் டாலருக்குப் போனதையும் பலர் சொல்வார்கள். ஆனால் அது அறக்கொடைக்கான ஏலம். அங்கே கொடுக்கப்பட்டதில் பெரும்பகுதி நன்கொடை என்பதை மறந்துவிட்டுப் பேசுவதுதான் வழக்கம். அன்று 50 டாலருக்கு வாங்கியவருக்குப் பின்னாளில் வந்த மதிப்பெண் லாபமாயிற்று. உங்களுக்கோ மதிப்பெண் முதலில் வந்து, 900 டாலர் என்ற விலைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

இனி கணக்கைப் பார்ப்போம். மூன்று பாட்டிலுக்கு 2,700 டாலர். விற்பனை வரியை 9 சதவீதமாகக் கொண்டால் மொத்தம் 2,943. எட்டு ஆண்டுகளில் பாட்டில் விலை 1,300 டாலராக உயர்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உரிமம் இல்லாத தனிநபர் கலிஃபோர்னியாவில் மதுவை நேரடியாக விற்க முடியாது என்பதால் ஏல நிறுவனத்தையோ உரிமம் பெற்ற வணிகரையோதான் நாட வேண்டும். மூன்றுக்கும் கிடைக்கும் 3,900 டாலரில் அவர்களின் தரகு 15 சதவீதம் போக 3,315 கைக்கு வரும். சுமார் 13 டிகிரி செல்சியஸில் பாதுகாக்கும் கிடங்குக்கு ஆண்டுக்கு 60 டாலர் வாடகை என்றால் எட்டு ஆண்டுகளுக்கு 480, மிஞ்சுவது 2,835. விலை 44 சதவீதம் உயர்ந்த பிறகும் உங்களுக்கு 108 டாலர் நஷ்டம். அதே 2,943 டாலர் ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டு வட்டியில் வளர்ந்தால் ஏறத்தாழ 4,350 ஆகியிருக்கும். ஒருவேளை லாபமே வந்தாலும், அமெரிக்க வருமான வரிச் சட்டம் ஒயினைச் சேகரிப்புப் பொருளாகக் கருதுவதால், நீண்டகால ஆதாயத்துக்குப் பங்குகளைவிட உயர்வாக, அதிகபட்சம் 28 சதவீதம் வரை வரி விதிக்கப்படலாம்.

சென்னை எண்ணம் இந்தக் கணக்கை மேலும் கெடுக்கிறது. பயணி ஒருவர் தீர்வையின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர்தான். 750 மில்லி பாட்டில்கள் இரண்டோடு அந்த வரம்பு ஏறக்குறைய முடிந்துவிடும், மூன்றாவதுக்குக் கடுமையான தீர்வை காத்திருக்கும். கொண்டுவந்தாலும், சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் இருக்கும் மாநிலத்தில் அதைச் சட்டப்படி விற்க உங்களுக்கு வழியில்லை. சென்னையின் வெயிலில் மின்வெட்டு வரும்போதெல்லாம் அந்த ஒயினைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது தனிச் செலவு.

வாங்க மறுத்தால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்களோ என்ற அச்சம் இருக்கலாம். பல பண்ணைகள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆனால் காத்திருந்த ஆறு ஆண்டுகள் வாங்கினாலும் திரும்பாதவை. மேலும், பல நாபா ஒயின்களின் முந்தைய அறுவடை ஆண்டுப் பாட்டில்கள், வெளியீட்டு விலையைவிடக் குறைவாகவே ஏலத்தில் கிடைப்பதுண்டு. பட்டியலில் இல்லாதவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

ஆறு மாதச் செலவுக்கான அவசரநிதி கையில் இருந்து, கடன் அட்டையில் பாக்கி இல்லாமல், இந்த ஒயினைச் சுவைத்தே ஆக வேண்டும் என்ற ஆசையும் இருந்தால், பண்ணை அனுமதிக்குமா என்று கேட்டு ஒரே ஒரு பாட்டில் வாங்குங்கள். மூன்றையும் எடுத்தாக வேண்டும் என்றால், லாபம் என்று சொன்ன அந்த நண்பரிடம் இரண்டை வாங்கிய விலைக்கே பங்காக எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள்; அவர் தயங்கினால் அழைப்பை மறுத்துவிடுங்கள்.